பெரட்டுப் போர்வை

மீனம்மாவுக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. இடிக்குப் பயப்படுவாள், யானைக்குப் பயப்படுவாள், முன்பின் கேட்டறியாத சைக்கிள் மணிக்கும் பயப்படுவாள். ஆனால் அவள் பயந்தவற்றில் பாதி, நாற்பது வயதுக்குள் நிஜமாகவே நடந்துவிட்டதால், கேலி செய்கிறவர்களும் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரியும் என்று பயந்தாள். எழுபத்தேழு கலவரத்தில் எரிந்தது. புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோகும் என்று பயந்தாள். வன்னிக்கு வந்த பிறகு மலேரியா கொண்டுபோனது. மிஞ்சியவள் மகள் சிவலட்சுமி. பதினேழு வயது. மீனம்மாவின் பயம் முழுவதும் இப்போது அந்த ஒரு பெண்ணின் மேல் வந்து குந்திவிட்டது.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அவர்களுடைய குடியேற்றம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அடிபட்டு வந்த குடும்பங்கள் காட்டை வெட்டிக் கச்சான் கடலை போட்டுப் பிழைத்த இடம். வந்த வருஷத்து மார்கழிக் குளிருக்குப் போர்த்த ஒன்றுமில்லை. கம்பளியெல்லாம் லயத்தோடு போயிற்று. பெண்கள் கிழிந்த சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் சாக்கை வைத்து, மேலும் கீழும் சேர்த்துத் தைத்தார்கள். தைக்கிற பெண்களின் வாய் சும்மா இருக்குமா? இது நான் இன்னாரை எதிர்த்துப் பேசிய அன்று கட்டியிருந்த சேலை என்று ஒருத்தி தொடங்குவாள். மற்றவள் விடுவாளா? அப்படி அப்படியே ஒரு வழக்கம் உண்டாயிற்று. துண்டு கொடுக்கிறவள் தன் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் உள்ள ஒரு பொருளை நூலால் அந்தத் துண்டின் மேல் தைக்க வேண்டும்.

பத்மாசனியின் துண்டில் ஒரு வாளியும் கயிறும் இருந்தன. குடியேற்றத்துக்குக் கிணறு வெட்டித் தரும்வரை எழும்பமாட்டேன் என்று அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் குந்தியவள் அவள். விமலேஸ்வரியின் துண்டில் ஒரு சோற்றுப் பானை. கலவரத்தன்று ஒன்பது வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுவழியே கூட்டிவந்து, தலையில் சுமந்த அந்த ஒரு பானையில் ஆக்கிப் போட்டவள். இப்படி ஒவ்வொருத்திக்கும் ஒன்று. மீனம்மாவின் துண்டு மட்டும் வெறும் நீலம். "நான் என்னத்தச் செஞ்சேன், தைக்கிறதுக்கு" என்று விட்டுவிட்டாள்.

போர்வைக்குப் பெரட்டுப் போர்வை என்று பேர். தோட்டத்தில் விடிகாலையில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று சொல்வார்கள். அங்கே கங்காணி கூப்பிடுவார், பெண்கள் தலை குனிந்து பதில் சொல்வார்கள். இங்கே போர்வையை விரித்துப் பெண்களே முறை வைத்துக் கூப்பிட்டார்கள். "பத்மாசனி, கிணறு வாங்கினவ" என்றால் பத்மாசனி நெஞ்சை நிமிர்த்தி "வந்தேன்" என்பாள். செத்துப்போனவளின் பேர் வந்தால் எல்லோரும் சேர்ந்து "வந்தோம்" என்பார்கள். அந்த நேரத்தில் மீனம்மாவுக்குக்கூடப் பயம் சற்று விலகி நிற்கும்.

போர்வையின் நட்டநடுவில் இருந்தது வடிவம்மாவின் துண்டு. வடிவம்மா ஐம்பதைத் தாண்டியவள், தோட்டத்தில் மாதர் தலைவியாக இருந்தவள். ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்து ஆற்றோர மலையில் காடு மண்டிக் கிடந்தது. அதற்குள் ஒரு மிருகம் வந்து குடியேறியது. முதலில் நாய்களைப் பிடித்தது. பிறகு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் பாய்ந்தது. பக்கத்து நிரையில் நின்ற வடிவம்மா தண்ணீர்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு நேரே அதன் முகத்துக்கு ஓடி விரட்டினாள். மறுநாள் பெரட்டுக்களத்தில் பெண்கள் எல்லோரையும் குந்த வைத்து, காட்டை வெட்டும்வரை மலை ஏறமாட்டோம் என்று துரையிடம் சொன்னவளும் அவள்தான். துரை காட்டை வெட்டினார். வடிவம்மா தலைவியானாள்.

அந்த மிருகத்தின் பேரை மீனம்மா சொல்லமாட்டாள். பேர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று லயத்தில் வளர்ந்த பழக்கம். "அது" என்பாள், மிஞ்சினால் "வாலு உள்ளது" என்பாள். பெரட்டில் அவள் முறை வந்தாலும் "வடிவம்மா, அதை விரட்டினவ" என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். நமக்கென்ன, நாம் சொல்லலாம். புலி.

மலைநாட்டில் புலி என்றால் சிறுத்தைதான், உடம்பெல்லாம் புள்ளி. ஆனால் வடிவம்மாவுக்கு ஊசி பிடிக்க வராது, துண்டைத் தைத்துக் கொடுத்தவள் சிவலட்சுமி. தோட்டத்தை விட்டு வரும்போது அவள் சின்னப்பிள்ளை. அந்த மிருகத்தைக் கண்டதே இல்லை. புலி என்று சொன்னார்கள், அவளும் தீப்பெட்டிப் படத்தில் பார்த்தபடி கறுப்பு நூலால் உடம்பெங்கும் வரி போட்டு, வாயைத் திறந்து, பல்லையும் வைத்துவிட்டாள். மூலையில் தகரத்தோடு ஒரு பெண்ணையும் நிறுத்தினாள். வடிவம்மா பார்த்துவிட்டு, "புள்ளியைக் காணோமே, கழுதை" என்றாள். பிறகு, "சரி, இருக்கட்டும். பெருசா இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். அது வன்னிக்கு வந்து நாலைந்து வருஷம் கழித்து, எண்பத்திரண்டில். அப்போது யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

எண்பத்தாறாம் வருஷத்துத் தை மாதத்தில் ஒரு நாள் சரீபா வந்தாள். முல்லைத்தீவில் தையல் கடை வைத்திருந்த யஹ்யாவின் மனைவி. கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைப் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பாள், கச்சான் வாங்கிக்கொண்டு போவாள். அன்று அவள் பையை அவிழ்க்கவே இல்லை.

"மீனம்மாக்கா, உள்ள வாங்கோ. ஒரு கதை சொல்லோணும்."

மீனம்மா அவளுக்கு முன்னால் உள்ளே ஓடினாள்.

"முந்தநாள் நாயாத்துப் பக்கம் ஆமி செக்கிங். ஒரு பெடியன்ட பெட்டிக்குள்ள பழைய கலண்டர் படம் ஒண்டு இருந்ததாம். வேறொண்டுமில்லை, புலிப் படம். ஆரு தந்தது, ஆரு கீறினது எண்டு கேட்டுக் கேட்டு, இயக்கப் பெடியன் எண்டு அடிச்சுக் கொண்டுபோயிட்டாங்கள். தாய் காம்ப் வாசல்ல கிடந்து அழுறா. இன்னும் விடேல்லை."

மீனம்மா மகள் இருந்த பக்கம் பார்த்தாள். சிவலட்சுமி முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட போர்வையிலயும் ஒண்டு நிக்குதெல்லோ" என்றாள் சரீபா, குரலைத் தாழ்த்தி. "அதைக் கழட்டிப்போடுங்கோ. தைச்சது ஆரெண்டு கேட்டாங்களெண்டா என்ன சொல்லுவீங்கள்?"

போகும்போது தன் கத்தரிக்கோலையும் வைத்துவிட்டுப் போனாள்.

கத்தரிக்கோல் இருந்து என்ன செய்ய? ஒருத்தியின் துண்டில் இன்னொருத்தி கை வைக்கக்கூடாது. அதைப் பிரிக்கவோ மாற்றவோ, கதைக்குச் சொந்தக்காரிக்கு மட்டும்தான் உரிமை. இதுவும் அவர்களே உண்டாக்கிய வழக்கம். மீனம்மா வடிவம்மாவின் குடிசைக்கு ஓடினாள்.

"அக்கா, அதை எடுத்துறலாம்."

"எதை?"

"அதான். வாலு உள்ளதை."

வடிவம்மா பாயில் படுத்திருந்தாள். முதல்நாளிலிருந்து காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தாள். மீனம்மா, சரீபா சொன்னதெல்லாம் சொன்னாள்.

"எடுக்க மனசில்லாட்டி மாத்திக்கலாம் அக்கா. பல்லைப் பிரிச்சுட்டு, மீசையை வச்சு, பூனையாக்கிறலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"பூனையா?" என்றாள் வடிவம்மா. "மொத்தத் தோட்டத்தையும் பெரட்டுக்களத்துல குந்த வச்சது ஒரு பூனைக்கா? தொரை காட்டை வெட்டினது பூனைக்கா?"

"சிவலட்சுமி தச்சது அக்கா அது. எனக்கு அவ ஒருத்திதான்."

"எனக்கு அது ஒண்ணுதான் மீனா. வீடு இல்ல, புள்ள இல்ல. ராத்திரி படுக்கையில, நான் ஒருத்தி இருந்தேன், இன்னதைச் செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுறேன். அதையும் பூனையாக்கிட்டா நான் யாரு?"

மீனம்மாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. வடிவம்மா சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்து, தன் பொறுப்பில் இருந்த போர்வையை எடுத்து விரித்தாள். கத்தரிக்கோலின் நுனியை அந்த வரிகளில் ஒன்றின் அடியில் நுழைத்தாள்.

"அம்மா, அது அவாட துண்டு" என்றாள் சிவலட்சுமி. வன்னியில் வளர்ந்த பெண். தாய் ஆமா என்றால் மகள் ஓம் என்பாள். "நீங்கள் கை வைக்க ஏலாது."

"வாயை மூடு."

"நான்தானே தைச்சனான். கேட்டா நான் எண்டு சொல்லுறன். நான் என்ன பிழை செய்தனான்?"

பிழை செய்யாதவள் என்பதால் உண்மையைச் சொல்லிவிடுவாள். மீனம்மா பயந்ததும் அதற்குத்தான். கத்தரிக்கோல் வழுக்கி விரலில் குத்தியது. அவள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. வடிவம்மா நின்றாள். கண் இரண்டும் காய்ச்சலில் சிவந்திருந்தன. கத்தரிக்கோலைப் பார்த்தாள், மீனம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குக் குளிருது" என்றாள். போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அது நிஜமான குளிரா, புலியைக் காப்பாற்றுகிற தந்திரமா என்று மீனம்மாவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் ட்ரக் வண்டிகள் வந்தன. ஓடலாம் என்றால் காட்டுப் பக்கமும் ஆமி நின்றது. எல்லோரும் கிணற்றடி வெளிக்கு வரவேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டே வீடு வீடாக ஏறினார்கள். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் இருத்தினார்கள். மீனம்மா மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இருத்திக்கொண்டாள். போர்வை வடிவம்மாவிடம் இருக்கிறது. அவள் அதை ஒளித்திருப்பாள், எங்காவது புதைத்திருப்பாள். தலைவியாக இருந்தவள், அவ்வளவு யோசனை இல்லாமலா? இப்படி நினைத்து நினைத்து அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது இரண்டு சிப்பாய்கள் வடிவம்மாவை நடத்திக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. பல் கிட்டி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த நிலையில் அவளுக்கு எதையும் ஒளிக்கத் தோன்றவில்லை, பாவம். கிடைத்ததைப் போர்த்தபடி வந்தாள். முதுகில் வாயைத் திறந்துகொண்டு புலி வந்தது.

மீனம்மா பின்னால் நகர்ந்து மகளை இன்னும் நெருக்கி மறைத்துக்கொண்டாள்.

ஒரு சிப்பாய் போர்வையை உருவி, அதிகாரியின் முன்னால் நிலத்தில் விரித்தான். அதிகாரி இளைஞன்தான். கழுத்தெல்லாம் நுளம்பு கடித்துத் தடித்திருந்தது. குனிந்து பார்த்தான்.

"கொட்டியா" என்றான்.

சிங்களத்தில் புலி. தோட்டத்தில் அது ஒரு மிருகத்தின் பேர் மட்டும்தான். இப்போது அது ஆளைக் கொண்டுபோகிற சொல். குந்தியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தச் சிங்களம் விளங்கியது. அடுத்த கேள்வியும் விளங்கியது. இதைத் தைத்தது யார்?

அவன் திரும்பவும் கேட்டான், இந்த முறை உரத்து. மீனம்மாவின் முதுகுக்குப் பின்னால் சிவலட்சுமி அசைந்தாள். எழும்பப் போகிறாள். மீனம்மா கையைப் பின்னால் விட்டு மகளின் சட்டையைப் பிடித்து, தன் பலம் முழுவதையும் சேர்த்துக் கீழே இழுத்தாள்.

"பூசா, மாத்தயா" என்றாள் வடிவம்மா.

பூனை, ஐயா.

நடுங்கிக்கொண்டே தோட்டத்துச் சிங்களத்தில் சொன்னாள். "நான்தான் தைத்தேன். கண் மங்கல், கோடெல்லாம் தப்பிப்போயிற்று. அது பூனை."

அதிகாரி சிரிக்கவில்லை. துண்டின் மூலையில் தகரத்தோடு நின்ற பெண்ணுருவைச் சப்பாத்தால் காட்டினான். பூனைக்கு எதற்குத் தகரம்?

"பால் குடிக்க வந்த கள்ளப் பூனை, ஐயா. நான் பயந்தவள். பூனைக்குப் பயந்து தகரம் தட்டியவள். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைத்தான் தைத்துவைத்தேன்."

நேற்று, எனக்கு அது ஒன்றுதான் என்று சொன்ன அதே வாய்.

அதிகாரி பெண்களின் வரிசையைப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், மற்றவளுக்குப் பயம். பயந்தவளுக்குப் பொய் வராது என்று அவன் நினைத்திருக்கலாம். மீனம்மாவை நோக்கிக் கையை நீட்டினான்.

"நீ சொல். இவள் எதை விரட்டினாள்?"

மீனம்மா எழுந்தாள். வேறு எவளைக் கேட்டிருந்தாலும் பழக்கதோஷத்தில் நாக்கு அந்தச் சொல்லின் பக்கம் ஒரு தடவை சறுக்கியிருக்கும். மீனம்மாவின் நாக்குக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"பூனை" என்றாள். அந்த ஒரு சொல் போதாது என்று அவளுக்கே தெரிந்தது. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். பயத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பைப் பிடுங்கி எடுத்தாள். "பூனை வடிவம்மான்னுதான் ஐயா நாங்க கூப்பிடுறது. பூனையைக் கண்டா இன்னிக்கும் கட்டில்ல ஏறி நிப்பா." அதையே தெரிந்த சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள்.

பத்மாசனி சிரித்தாள். விமலேஸ்வரி சிரித்தாள். வரிசை முழுவதும் சிரித்தது. தங்கள் தலைவியைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த நீர் எதனால் வந்தது என்று சிப்பாய்களுக்குத் தெரிய நியாயமில்லை. வடிவம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தோட்டத்தில் ஒரு நாளும் அவள் அப்படி நின்றதை யாரும் பார்த்ததில்லை. ஒரு சிப்பாய் அவள் காதருகே போய் மியாவ் என்று கத்தினான். வடிவம்மா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். காய்ச்சலில் திடுக்கிட்டாளா, வேண்டுமென்று செய்தாளா, தெரியாது. எல்லாச் சிப்பாய்களும் சிரித்தார்கள். கடைசியில் அதிகாரியும் உதட்டைச் சுழித்தான். போர்வையைக் காலால் ஒதுக்கிவிட்டு, திரும்பவும் வருவோம் என்று சொல்லிப் போனான்.

வண்டிகளின் சத்தம் அடங்கிய பிறகுதான் மீனம்மா மகளின் சட்டையை விட்டாள். பிடித்திருந்த இடத்தில் துணி கிழிந்திருந்தது.

காய்ச்சல் விட்ட பிறகும் வடிவம்மா வெளியே வரவில்லை. அவள் வாய் அடங்கிப்போனது ஊருக்கே என்னவோபோல் இருந்தது. பெண்கள் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு, ஒரு மத்தியானம் மீனம்மாவின் வீட்டில் கூடினார்கள். பத்மாசனி போய் வடிவம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கதவைச் சாத்தினாள்.

வடிவம்மா கேட்ட முதல் வார்த்தை, "கத்தரிக்கோல் எங்க?" என்பதுதான்.

"அதைப் பிரிக்க ஏலாது அக்கா" என்றாள் பத்மாசனி. "அந்த ஆபீசர் திரும்பி வந்தா, பூனை எங்கன்னு கேப்பான்."

அது உண்மை. இனி அந்த மிருகம் அங்கேயேதான் நிற்க வேண்டும், வரியோடும் பல்லோடும், பூனையாக.

பேர் கூப்பிடுவது அன்று மீனம்மாவின் முறை. மெல்லிய குரலில் தொடங்கினாள். கிணறு வாங்கினவள் வந்தாள், பானை சுமந்தவள் வந்தாள், செத்தவர்களும் வந்தார்கள். நடுத்துண்டு வந்தபோது நிறுத்தினாள்.

"பூனைன்னே சொல்லு" என்றாள் வடிவம்மா. "அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

சிவலட்சுமி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மீனம்மா எழுந்து போய்க் கதவிடுக்கு வழியே ஒழுங்கையைப் பார்த்தாள். யாருமில்லை. வேலிப் பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து வடிவம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டு, அவள் காதோடு வாயை வைத்தாள். இந்தச் சொல்லுக்கு அவள் பிறந்த நாளிலிருந்தே பயந்திருக்கிறாள்.

"வடிவம்மா" என்றாள். "புலி விரட்டினவ."

வடிவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தேன்."

பிறகு அவள் போர்வையின் ஓரத்தைத் தடவித் தடவி, மீனம்மாவின் வெறும் நீலத் துண்டைக் கண்டுபிடித்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "பூனை உன்னுது மீனா" என்றாள். "இதுல தை."

மீனம்மா ஊசியை எடுத்தாள். தெருப் பக்கம் எங்கோ ஒரு வண்டியின் இரைச்சல் கேட்டது. அது கடந்து போகும்வரை அவளால் நூலைக் கோர்க்க முடியவில்லை. சிவலட்சுமிதான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.